ஒரு வாரிசின் கட்டடங்கள்

2021 ஜூனில் ஜெர்மன் கட்டடக் கலைஞர் கோட்ஃப்ரீட் போம் தமது 101ஆவது வயதில் காலமானார். அப்போது நண்பர் ஒருவர் அவரைப் பற்றி எழுதச் சொன்னார். எழுத என்ன இருக்கிறது, அப்பன் வெட்டிய கிணற்றில் ஆயுள் பூராவும் தண்ணீர் இறைத்தவர்தானே என்று பதில் சொன்னேன். சொன்ன வாக்கியம் எனக்கே பிடித்துப்போய்விட்டது. பிறகு இரண்டு மூன்று இடங்களில் அதைத் திருப்பிச் சொன்னேன்; ஒரு சமயம் வேறொருவர் அதையே தம்முடைய அபிப்பிராயமாக என்னிடம் சொல்லக் கேட்டேன். நம் சின்ன வட்டத்தில் அபிப்பிராயங்கள் இப்படித்தான் உற்பத்தியாகி இப்படித்தான் சுற்றி வருகின்றன. அந்த வாக்கியத்தை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எதனால் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். போமின் கட்டடங்கள் எதற்குள்ளும் நான் நின்றதில்லை. புகைப்படங்கள், தரைப்படங்கள், குறுக்குவெட்டுப் படங்கள், அந்தக் குடும்பத்தைப் பற்றி 2014இல் மௌரிட்ஸியுஸ் ஸ்டேர்க்லே ட்ருக்ஸ் எடுத்த ஆவணப்படம் — இவைதான் என் ஆதாரம். கட்டடத்தைக் காகிதத்தில் பார்ப்பது சங்கீதத்தை ஸ்வரக் குறிப்பில் படிப்பது போல என்று சொல்வார்கள். இருக்கட்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் உலக ஓவியம் முழுவதையும் அச்சுப் பிரதியில்தான் பார்த்திருக்கிறோம், அதை வைத்துக்கொண்டு தீர்ப்புகளும் வழங்கியிருக்கிறோம். ஆனால் புகைப்படம் என்னை எந்த இடத்தில் ஏமாற்றியது என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தகப்பனிலிருந்துதான் தொடங்க வேண்டும். டொமினிகுஸ் போம், பிறப்பு 1880. அவருடைய தகப்பனாரும் கட்டட வேலை செய்தவர்தான். இருபதாம் நூற்றாண்டின் கத்தோலிக்க தேவாலயக் கட்டடத்தை, கோதிக் வேஷமும் ரோமனெஸ்க் வேஷமும் கலைத்து, வேறு தளத்துக்குக் கொண்டுவந்த இரண்டு மூன்று பேரில் இவர் ஒருவர். பீடம் ஒரு கோடியில், ஜனங்கள் இன்னொரு கோடியில், நடுவே நீண்ட மண்டபம் என்ற ஏற்பாட்டை அவர் சந்தேகித்தார். பூசை என்பது தூரத்தில் நடக்கும் நிகழ்ச்சியா, சுற்றி நின்று பங்குகொள்ளும் செயலா என்ற கேள்வியை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, கல்லிலும் கான்கிரீட்டிலும் கேட்டவர். கொலோன் நகரில் ரீல் என்ற பகுதியில் 1930-32இல் அவர் கட்டிய புனித எங்கல்பெர்ட் கோவிலின் தரைப்படம் ஒரு வட்டம். அதைச் சுற்றி எட்டு பரவளைய முகப்புகள் எழும்பி மேலே ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் எலுமிச்சம்பழம் பிழியும் கிண்ணம். அவர்கள் கண்ணில் குற்றமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே மண்டபம் அரையிருளில் இருக்கிறது. பீடம் வட்டத்தின் நடுவில் இல்லை; வட்டத்தை ஒட்டிப் பிதுங்கும் ஒரு மாடத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் மறைந்திருக்கும் உயரமான சன்னல் வழியே அந்த மாடத்தில் மட்டும் வெளிச்சம் கொட்டுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தக் கட்டடம் சொல்லிவிடுகிறது. சொல்வதோடு நில்லாமல் கட்டளையே இடுகிறது.

இப்படி ஒரு தகப்பனுக்குப் பிறந்தால் என்ன செய்வது? நம் இலக்கியச் சூழலில் இதற்கு இரண்டே பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. மரபை உடைத்தெறி என்பது ஒன்று, மரபைப் போற்று என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எதையும் உடைத்ததுமில்லை, எதையும் உள்வாங்கியதுமில்லை. கோட்ஃப்ரீட் போமின் எழுபது வருஷ வேலையை இந்த இரண்டு பெட்டிகளில் எதிலும் போட முடியவில்லை. முதல் பார்வையில் நான் போட்டது மூன்றாவதாக ஒரு பெட்டி: வாரிசு.

1920இல் ஓஃபன்பாக்கில் பிறந்தார். போர்ச் சேவையிலிருந்து திரும்பி மியூனிக்கில் கட்டடக் கலை படித்தார். கூடவே அங்குள்ள நுண்கலைக் கழகத்தில் சிற்பமும் பயின்றார். இந்தச் சிற்பப் படிப்பை அவருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். தகப்பன் கட்டாதது எதையாவது மகன் கட்ட முடிந்தது என்றால் அது இந்தக் கையால்தான். கட்டடக் கலைஞன் கோட்டில் யோசிப்பவன். சிற்பி களிமண்ணில் யோசிப்பவன். அவனுக்கு வடிவம் கண்ணுக்கு வருமுன்பே விரல்களுக்கு வந்துவிடுகிறது.

அவர் தனியாகச் செய்த முதல் வேலை ஒரு சின்னத் தேவாலயம். கொலோன் நகரத்தின் நடுவே புனித கொலும்பா கோவில் போரில் குண்டு விழுந்து தரைமட்டமாகிவிட்டது. அந்த இடிபாட்டில் ஒரு தூணும், தூணை ஒட்டி நின்ற மாதா சிலையும் மட்டும் மிஞ்சின. பதினைந்தாம் நூற்றாண்டுச் சிலை. கோவிலை முழுக்கத் திரும்பக் கட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. சிலைக்கு ஒரு கூரை போட்டால் போதும் என்ற நிலையில் வேலை இளைய போமிடம் வந்தது. 1947க்கும் 1950க்கும் இடையே கட்டினார். எண்கோணத்தில், கூடாரம் போல, பெரும்பகுதி கண்ணாடியாக ஒரு சிறு அமைப்பு. பழைய கோவிலின் அடிச்சுவர்கள் அப்படியே சுற்றி நிற்கின்றன. இடிபாட்டு மாதா என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அளவு. முப்பது வயதுகூட ஆகாத ஒருவனுக்கு, அழிந்துபோன நகரத்தின் நட்டநடுவில், எல்லார் கண்ணும் பார்க்கிற இடத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. அவன் தகப்பன் பெருவடிவங்களின் ஆள். எனினும் இவன் கட்டுவது குரலை உயர்த்தவில்லை. இடிந்ததை மறைக்கவுமில்லை, இடிந்ததை வைத்துச் சோக நாடகம் போடவுமில்லை. சிலைக்கு நனையாத ஒரு இடம், நாலு பேர் மண்டியிட ஒரு இடம், அவ்வளவுதான். தகப்பன் கோவிலில் வெளிச்சம் பீடத்தை நோக்கிப் போகிறது; இங்கே வெளிச்சம் சிலையைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் வந்துகொண்டிருந்தது. கொண்டிருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்லக் காரணம் உண்டு. 2007இல் பீட்டர் ட்சும்தோர் அதே இடத்தில் கொலும்பா அருங்காட்சியகத்தைக் கட்டியபோது, இடிபாடுகளோடு சேர்த்து இந்தச் சின்னக் கூடாரத்தையும் தமது சாம்பல் நிறச் செங்கல் சுவர்களுக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணாடிகளுக்கு இப்போது ஆகாயம் நேராகத் தெரிவதில்லை. ட்சும்தோரின் கட்டடம் மிகத் தேர்ந்த கட்டடம், சந்தேகமில்லை. எல்லாரும் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். கூடாரத்தின் மேல் வீடு கட்டினால் அதைக் கூடாரம் என்று எப்படிச் சொல்வது?

1950களை வேகமாகத் தாண்டிவிடலாம். 1951இல் அமெரிக்கா போய்ச் சில மாதங்கள் வேலை பார்த்தார், மீஸ் வான் டெர் ரோவையும் க்ரோபியுஸையும் சந்தித்தார், திரும்பி வந்து தகப்பனோடு சேர்ந்து உழைத்தார். 1955இல் தகப்பன் இறந்தார். அலுவலகம் இவர் கைக்கு வந்தது. ஜெர்மனியில் அப்போது தேவாலயம் கட்டுவது ஒரு தொழிற்சாலை வேகத்தில் நடந்தது. இவரும் கட்டிக்கொண்டே போனார். வட்டமும் கூடாரமும் தொங்கும் மெல்லிய கூரையும் மாறி மாறி வருகின்றன. பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றின் தரைப்படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, எனக்கு என் பழைய வாக்கியத்தின் மேல் மறுபடி நம்பிக்கை வந்துவிடுகிறது. கிணறு அப்பனுடையது, வாளி மட்டும் புதுசு. இந்த வருஷங்களில் அவர் இறந்திருந்தால் அந்த வாக்கியம் நியாயமானதாகவே இருந்திருக்கும்.

அடுத்தது நெவிகெஸ்.

கொலோனுக்கு வடக்கே மலைப்பாங்கான பகுதியில் உள்ள சிற்றூர் அது. பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த செப்புத்தகட்டு அச்சுப் படம், மாதாவின் படம், மிகச் சிறியது — அதை வணங்கப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். கூட்டம் பெருகிப் பழைய கோவில் போதாமல், 1960களின் தொடக்கத்தில் புதுக் கோவிலுக்குப் போட்டி வைத்தார்கள். முதல் சுற்றில் போமின் திட்டம் தேர்வாகவில்லை. இரண்டாவது சுற்று நடந்தது. அப்போது கொலோனின் பேராயர் கர்தினால் யோசஃப் ஃப்ரிங்ஸ். அவருக்கு அநேகமாகக் கண் தெரியாது. வைத்திருந்த மாதிரிகளைக் கையால் தடவிப் பார்த்தார், போமின் மாதிரியில் கை நின்றது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. நடந்தது நடந்தபடியே சொல்லப்படுகிறதா என்பதில் எனக்கு அக்கறையில்லை. களிமண்ணைப் பிசைந்து, விரலால் மடித்து உண்டாக்கிய ஒரு வடிவத்துக்குச் சரியான முதல் பார்வையாளர் கண் தெரியாத ஒருவர்தான் என்பதை இந்தக் கதையைப் பரப்பியவர்கள் எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

1968 மே மாதம் கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. பல ஆயிரம் பேர் நிற்கலாம். கொலோன் மறைமாவட்டத்தில் கதீட்ரலுக்கு அடுத்த பெரிய கோவில். புகைப்படக்காரர்கள் எல்லாரும் ஒரே கோணத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்: மரச்சட்டமும் ஓட்டுக்கல்லும் கொண்ட சின்ன வீடுகள், அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், கூர்கூராக மடிந்து, மலைமுகடுகள் போல எழும்பும் கான்கிரீட் கூரை. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். சரியான நாடகம் என்று நினைத்தேன். 1919 வாக்கில் ப்ரூனோ டவுட் முதலானவர்கள் ஊருக்குக் கிரீடமாகப் பளிங்கு மலைகள் கட்ட வேண்டும் என்று கனவு கண்டு, பெரும்பாலும் காகிதத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கனவைத் தகப்பன் தலைமுறையிலிருந்து எடுத்து, அரை நூற்றாண்டு தாமதமாக, சிமெண்டில் ஊற்றிவிட்டார் மகன் என்று முடிவு கட்டினேன். காலந்தவறிப் பிறந்த பிள்ளை.

தரைப்படத்தை உட்கார்ந்து படித்த பிறகுதான் என் புத்தி தெளிந்தது. கோவில் எங்கே தொடங்குகிறது என்று தரைப்படத்தில் கண்டுபிடிப்பது கடினம். கீழேயிருந்து அகலமான படிகள், ஏறுவது தெரியாமல் ஏறுகிற மாதிரி, மெல்ல வளைந்து மேலே போகின்றன. ஒரு பக்கம் யாத்திரிகர் விடுதி, அரைவட்ட அரைவட்டமாகப் பிதுங்கிக்கொண்டு பாதையோடு கூடவே வருகிறது. பாதை கோவில் வாசலில் முடியவில்லை. வெளியே பாவிய அதே தளம் உள்ளேயும் தொடர்கிறது. உள்ளே கம்பங்களில் நிற்பவை தெருவிளக்குகள் போன்ற விளக்குகள். சுவர்களில் அடுக்கடுக்காக இருக்கும் மாடங்கள், ஒரு சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் வீடுகளின் மேல்மாடிகள் போலிருக்கின்றன. அதாவது மலைக்குள் நுழைந்தவன் ஒரு சந்தைவெளியில், அந்தி இருட்டிய வேளையில் வந்து நிற்கிறான். ஊரிலிருந்து நடந்து வந்தவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். தலைக்கு மேலே மட்டும் ஆகாயத்துக்குப் பதில் மடிந்து மடிந்து இருளுக்குள் போகும் கான்கிரீட்.

தகப்பனின் கேள்விக்கு மகன் சொன்ன பதில் இது. ஜனங்களைப் பீடத்தைச் சுற்றிக் கூட்டுவது எப்படி என்பது தகப்பனின் கேள்வி. அதற்கு அவர் வட்டம் போட்டார், வெளிச்சத்தால் கட்டளையிட்டார். யாத்திரிகன் கூட்டப்படுகிறவன் இல்லை, வந்துகொண்டிருப்பவன் என்பதை மகன் கண்டுகொண்டார். நெவிகெஸில் வட்டம் இல்லை, ஒழுங்கான எந்த உருவமும் இல்லை. பீடம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. தூண் ஓரத்தில் இருட்டில் நின்றுவிட்டு, யாரும் பார்க்காமல் திரும்பிப் போகலாம். விசுவாசம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அந்த இருட்டில் இடம் இருக்கிறது. விசுவாசம் இல்லாதவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஒரு ஆட்சேபம் எனக்கு இன்னும் இருக்கிறது. கோவிலின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் போமே வரைந்தார். பெரிய சிவப்பு ரோஜாக்கள். மாதாவின் சின்னம், சரிதான். அந்த வெளியின் முன்னால் இந்த ரோஜாக்கள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறவையாகத் தோன்றுகின்றன. இருட்டுக்கு விளக்கவுரை தேவையில்லை. நேரில் போனவர்கள், சிவப்பு ஒளி தளத்தில் விழுந்து நகர்வதைப் பார்த்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இருக்கலாம்.

நெவிகெஸுக்குப் பிறகு பென்ஸ்பெர்க் நகராட்சிக் கட்டடம், பழைய கோட்டையின் இடிபாட்டோடு கான்கிரீட்டைத் தைத்த வேலை, நிச்சயம் பார்க்க வேண்டியது. ஆகன் பல்கலைக்கழகத்தில் 1963 முதல் 1985 வரை போதித்தார். 1986இல் பிரிட்ஸ்கர் பரிசு, ஜெர்மானியர் ஒருவருக்கு முதல் தடவையாக. பிந்தைய காலத்தில் கண்ணாடியும் எஃகுமாகக் கட்டிய அலுவலகங்களும் அரங்குகளும் என்னைத் தொடவில்லை. கான்கிரீட்டை விட்ட பிறகு சிற்பியின் விரல் ரேகை அவற்றில் காணவில்லை.

ஆவணப்படத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. தொண்ணூறு தாண்டிய கிழவர், தகப்பன் கட்டிய வீட்டில், தினமும் நீந்துகிறார், தினமும் கரியால் வரைகிறார். பிள்ளைகள் நால்வரில் ஸ்டெஃபான், பீட்டர், பவுல் மூவரும் கட்டடக் கலைஞர்கள், மார்க்குஸ் ஓவியர். பார்க்கிறவனுக்குப் பொறாமை வரும் குடும்பச் சித்திரம். ஆனால் படத்தின் கனம் முழுவதும் மனைவி எலிசபெத்திடம் இருக்கிறது. அவரும் மியூனிக்கில் படித்துத் தேறிய கட்டடக் கலைஞர். 1948இல் கல்யாணம். கட்டடங்களின் உள்வேலைகளில், நிறங்களில் அவர் கை இருக்கிறது. பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லை. படம் எடுக்கும் காலத்திலேயே, 2012இல், இறந்துபோகிறார். அவர் போன பிறகு கிழவரின் முகத்தில் தெரியும் திகைப்பைப் படம் பதிவு செய்திருக்கிறது. மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை என்று ஆண்களின் பெயர்களை வரிசைப்படுத்தும்போது, இந்தக் கட்டுரை உட்பட, நாமெல்லாரும் அந்தப் பெயர்ப்பலகையைத்தான் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கடைசி மகன் பவுல், கொலோனில் துருக்கியருக்கான பெரிய மசூதியை வடிவமைத்தார். 2006இல் போட்டியில் வென்ற திட்டம். கான்கிரீட் ஓடுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்று, இடைவெளிகளில் கண்ணாடியோடு ஒரு குவிமாடமாகின்றன, இரண்டு மினார்கள். ஊரில் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. பிறகு கட்டச் சொன்னவர்களுக்கும் அவருக்கும் தகராறு ஏற்பட்டு, 2011இல் அவரை விலக்கினார்கள். 2018இல் மசூதி முறைப்படி திறக்கப்பட்டது. பேரன் கட்டிய மசூதியின் படத்தை எங்கல்பெர்ட் கோவிலின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைந்து எழும்பும் அதே ஓடுகள், இப்போது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, உள்ளே இருப்பதை வெளியில் போகிறவனுக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

நெவிகெஸ் கூரைக்குத் திரும்புகிறேன். அந்தக் கான்கிரீட் மடிப்புகளுக்கு மேல் தகரமோ ஓடோ எதுவும் போடவில்லை. சுவரும் கூரையும் ஒரே பாறையாக இருக்க வேண்டும் என்பது போமின் பிடிவாதம். கான்கிரீட் தானே மழையைத் தாங்கும் என்று நம்பினார்கள். தாங்கவில்லை. விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே இறங்கியது. தகடு போர்த்திவிடலாம் என்றால் அந்த வடிவமே செத்துப்போகும். 2010களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டார்கள். போம் போதித்த அதே ஆகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் கார்பன் இழைகளை வலையாக நெய்து, மடிப்பு மடிப்பாகக் கூரைமேல் விரித்து, அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி, மெல்லிய இரண்டாவது தோல் ஒன்று போட்டார்கள். வேலைக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் மகன் பீட்டர். தகப்பன் அப்போது உயிரோடு இருந்தார். யாத்திரிகர் கூட்டம் முன்னைப்போல் இல்லை; மூன்று நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தலத்தைக் கவனித்துவந்த ஃபிரான்சிஸ்கன் துறவிகள் 2020இல் ஊரைவிட்டுப் போனார்கள். கூரை ஒழுகுவதை நிறுத்திய சமயத்தில்.